சொந்த ஊர்ப் படங்களால் ஒரு மாதக் காலண்டர்: மதுரையில் எடுப்பது முதல் சிவகாசியில் அச்சாவது வரை

வடிவமைப்பையும் ஒளிப்படத்தையும் சேர்த்தே தொழிலாகக் கொண்டவர்களின் நாள்கள் பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு பிளெக்ஸ், துணிப்பை அச்சு, விசிட்டிங் கார்டு என்று பிறர் கேட்ட வேலைகளிலேயே கழிகின்றன. படம் எடுப்பவர் ஒருவர், வடிவமைப்பவர் ஒருவர், அச்சிடுபவர் ஒருவர் என்று வேலை பிரிந்து கிடப்பதால், ஒரு படம் கேமராவை விட்டுப் புறப்பட்டுச் சுவரில் தொங்கும் வரை அதற்கு என்னென்ன நேர்கிறது என்பதை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் குறைவு. அந்த வாய்ப்பைத் தருவதில் பன்னிரண்டு தாள் கொண்ட மாதக் காலண்டருக்கு நிகரான வேலை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. அதில் படம் உண்டு, தமிழ் எழுத்து உண்டு, கட்டம் உண்டு, வண்ணம் உண்டு, வாடிக்கையாளரும் உண்டு. அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசி மதுரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் இருப்பதால், காலையில் பேருந்து ஏறிப்போய் இயந்திரத்தின் அருகிலேயே நின்று தாளைச் சரிபார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பவும் நம்மால் முடிகிறது.

இந்த வேலையில் முதலில் திறக்க வேண்டியது கேமராப் பையை அன்று. அளவுகோலைத்தான் எடுக்க வேண்டும். அச்சாகும் தாளின் அளவும், அதில் படத்துக்குக் கிடைக்கும் இடமும் தெரிந்த பிறகு எடுக்கிற படம் வேறு, தெரியாமல் எடுக்கிற படம் வேறு.

தாளிலிருந்து தொடங்குவது

கடைகள் கொடுக்கும் மாதக் காலண்டருக்கு கிரவுன் அளவு, அதாவது 15×20 அங்குலம், வசதியானது. டபுள் கிரவுன் எனப்படும் 20×30 அங்குலத் தாளில் இரண்டு பக்கங்கள் மிச்சமின்றி அடங்கும் என்பதால் தாள் வீணாகாது. இந்த 20 அங்குல உயரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: மேலே படத்துக்கு 12 அங்குலம், நடுவில் தேதிக் கட்டத்துக்கு 6.5 அங்குலம், அடியில் கடையின் பெயருக்கும் முகவரிக்கும் 1.5 அங்குலம். மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிப்பதற்கு அரை அங்குலம் போய்விடும். நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். ஆகவே கோபுரத்தின் கலசமோ, மாட்டின் கொம்போ, ஒருவருடைய தலையோ படத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருந்தால் அது தகரத்துக்குள் புதைந்துவிடும். இதை மனத்தில் வைத்து, எடுக்கும்போதே தலைக்கு மேல் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும்.

படப் பகுதி 15×12 என்றால் அதன் விகிதம் 5:4. நம்முடைய கேமராக்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் எடுக்கின்றன. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 பிக்சல் படத்தை 5:4 ஆக வெட்டினால் 5000×4000 மிஞ்சும். 15 அங்குல அகலத்துக்கு அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கிறது. ஆஃப்செட் அச்சுக்கு 300 போதும் என்பதால் இது நிறைவான அளவு. ஆனால் படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும் என்பதை மறக்கக் கூடாது. முக்கியமான எதையும் இடது வலது ஓரங்களில் வைக்காமல் எடுப்பதற்கு, கேமராவின் திரையிலேயே 5:4 கோடுகளைக் காட்டும் வசதி இருந்தால் அதை இயக்கிக்கொள்ளலாம். 12 மெகாபிக்சல் கைபேசிப் படமும் வெட்டாமல் வைத்தால் அங்குலத்துக்கு 266 பிக்சல் வரை தரும் என்பதால் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமாயின் அதையும் தள்ள வேண்டியதில்லை. தள்ள வேண்டியது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்டு வந்த படத்தை. அது நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். 15 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம்தான் தேறும். நண்பரிடமிருந்து படம் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

எந்த மாதத்துக்கு எந்தப் படம்

மதுரைக் காலண்டர் என்றதும் பன்னிரண்டு தாளிலும் கோபுரத்தைப் போடுவது எளிது. அதை நான் ஏற்பதில்லை. ஒரு மாதத் தாள் அந்த மாதத்தில் இந்த ஊரில் உண்மையாக என்ன நடக்கிறதோ அதைக் காட்ட வேண்டும். பார்ப்பவர் தேதியைப் பார்க்காமலே மாதத்தை உணர வேண்டும். மதுரைக்கு இதில் பஞ்சமே இல்லை. வீதிகளுக்கே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதத்தின் பெயரால் வழங்கும் ஊர் இது.

ஜனவரித் தாளுக்குத் தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசை இருக்கிறது. ஆனால் வாடிவாசலில் எல்லோரும் எடுக்கிற பாய்ச்சல் படத்தைவிட, முதல் நாள் மாலையில் வீட்டு வாசலில் காளைக்குக் கொம்பு சீவி எண்ணெய் தடவுகிறவரின் படம் சுவரில் ஒரு மாதம் தாங்கும். பிப்ரவரிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். தெப்பத் திருவிழா தைப்பூசத்தில் பௌர்ணமியை ஒட்டி வருவதால், மாலையில் மேற்குக் கரையில் நின்றால் மைய மண்டபத்துக்குப் பின்னே நிலவு எழுவதும், கிழக்குக் கரையில் நின்றால் அதே மண்டபத்துக்குப் பின்னே அந்தி வானம் சிவப்பதும் கிடைக்கும். சூரியன் மறைந்து ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து, வானில் நீலம் மிஞ்சியிருக்கும்போதே விளக்குகள் எரிகிற அந்தச் சிறு இடைவெளிதான் எடுக்க வேண்டிய நேரம். முழு இருட்டில் எடுத்தால் தாளில் பாதிக்கு மேல் கறுப்பு மைதான் நிற்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் சித்திரைத் திருவிழா. கள்ளழகர் சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கும் காட்சிக்குக் கூட்டத்தின் நடுவே இடம் பிடிப்பது கடினம். அதைவிடப் பெரிய சிக்கல், அழகர் மீது துருத்தியால் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் நம்மைச் சுற்றியும் இருப்பார்கள் என்பது. கேமராவுக்கு மழையுறையும், லென்ஸ் துடைக்க இரண்டு பருத்தித் துணிகளும் இல்லாமல் போகக் கூடாது. துருத்தியைத் தோளில் தாங்கி, வண்ண உடை அணிந்து, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்காகத் தல்லாகுளத்தில் காத்திருக்கும் ஒருவரின் முகத்தை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆடியில் அழகர்கோவில் தேர், ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் நடக்கும் புட்டுத்தோப்பு, புரட்டாசிக்குத் திருப்பரங்குன்றம் அருகிலுள்ள விளாச்சேரியில் காயவைத்திருக்கும் கொலு பொம்மைகள், ஐப்பசியில் தீபாவளிக் கூட்டம் நெருக்கும் விளக்குத்தூண், மார்கழியில் அரிசியைத் தூவிக்கொண்டே வெளி வீதிகளைச் சுற்றிவரும் அஷ்டமி சப்பரம் என்று மற்ற மாதங்களும் நிறையும். திருவிழா இல்லாத தாளுக்கு யானைமலையும் வயலும் போதும். மேலூர் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி, மழை முடிந்த கார்த்திகைக் காலையில் எடுக்கலாம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். புரட்டாசிப் படத்தைப் புரட்டாசியில் எடுத்து அதே ஆண்டில் வெளிவரும் காலண்டரில் சேர்க்க முடியாது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகி, ஆர்டர்கள் அன்றிலிருந்தே குவியத் தொடங்கும்; கார்த்திகை, மார்கழியில் அச்சகங்களில் மூச்சுவிட நேரமிராது. ஆகவே படப்பணியை ஓர் ஆடியில் தொடங்கி அடுத்த ஆனிக்குள் முடித்துவிட வேண்டும். அப்போதுதான் ஆடியில் கடைக்காரரிடம் காட்ட முழு மாதிரியும் நம் கையில் இருக்கும்.

வெயிலும் நாளின் ஒழுங்கும்

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கே வந்துவிடும். நிற்கும் தூணுக்குக்கூட நிழல் விழாது. மற்ற மாதங்களிலும் காலைச் சூரியன் வடநாட்டில் போலச் சாய்ந்து செல்லாமல் விறுவிறுவென மேலேறுவதால், பொன்னொளி என்று நாம் சொல்லும் மென்மையான வெளிச்சம் மிகச் சிறிது நேரமே நிற்கும். 8 மணிக்கு மேல் முகங்களில் கண்குழி கறுத்துவிடும். ஆகவே விடிவதற்கு முன்பே இடத்தில் இருப்பது, 8 மணிக்கு மேல் மேசைக்குத் திரும்பி வடிவமைப்பு வேலை பார்ப்பது, நான்கரை மணிக்கு மேல் மறுபடி வெளியே இறங்குவது என்று நாளை அமைத்துக்கொண்டால் இரண்டு தொழிலும் ஒன்றையொன்று இடறாது. உச்சி வெயிலில் எடுத்தே தீர வேண்டுமென்றால் மண்டபங்களுக்கும் தாழ்வாரங்களுக்கும் உள்ளே போக வேண்டும். 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் முற்றத்தில் விழும் கடும் வெயில், சுற்றியுள்ள தூண்களுக்கு இடையே எதிரொளியாகப் பரவி மென்மையாகிவிடும். அங்கே கேமராவுக்குத் தனிக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கேமராவுக்கும் கைபேசிக்கும் அனுமதி இல்லை. வெளியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. சித்திரை வீதியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்ததுபோல் வரும். கணினியில் நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும். மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதியிலுள்ள விடுதிகளில் ஒன்றின் மொட்டை மாடியில் அனுமதி பெற்று நின்றால் கோபுரங்கள் கண்மட்டத்துக்கு நெருங்கி நிமிர்ந்து நிற்கும். அங்கிருந்து பார்ப்பது அவற்றின் மேற்கு முகம் என்பதால் மாலை வெயில்தான் அவற்றுக்கு ஏற்றது.

சிற்பங்களுக்கு வேறு கணக்கு. கீழக்குயில்குடி சமணர் மலையில் உள்ளவை போன்ற புடைப்புச் சிற்பங்கள் முகத்துக்கு நேரே வெளிச்சம் விழுந்தால் தட்டையாகிவிடும். வெளிச்சம் பக்கவாட்டில் உரசிச் செல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

மல்லிகைப் பூவை அச்சில் காப்பாற்றுவது

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இந்தக் காலண்டரில் இடம் பெறாமல் இருக்க முடியாது. கோடை மாதங்கள்தான் அதன் உச்ச காலம். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அதிகாலையிலேயே போய்விட வேண்டும். பறித்த மொட்டு அப்போது இறுகி, காம்புப் பக்கம் லேசான பச்சை ஓடி, நுனி மட்டும் தந்த நிறத்தில் இருக்கும். மாலையில் விரிந்த பூவுக்கு இந்த வடிவம் இராது.

வெள்ளையை எடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும். குவியல் முழுதும் மொட்டாகச் சட்டத்தை நிரப்பினால் அது படத்தை இருட்டாக்கி மல்லியைச் சாம்பல் நிறமாக்கும். அப்போது ஒளியளவை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒளியை இருமடங்காக்கும் அளவு) வரை கூட்ட வேண்டும். மாறாக, கறுத்த சாக்கின் மேல் ஒரு கைப்பிடி பூ இருந்தால் அது சாக்கைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; பூவின் இதழ் விவரமெல்லாம் வெளுத்துப்போகும். அங்கே முக்கால் ஸ்டாப் குறைக்க வேண்டும். திரையில் தெரியும் படத்தை நம்பாமல், இருட்டு முதல் வெளிச்சம் வரையிலான பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து, வலது கோடியைக் கோடு முட்டாமல் எடுக்க வேண்டும். கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் சிறிது தவறியதை மீட்கலாம்.

அச்சில் இது இன்னும் கூர்மையாகும். ஆஃப்செட் அச்சு வண்ணத்தைச் சிறு புள்ளிகளாகவே வைக்கிறது. 2, 3 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள புள்ளி தாளில் பிடிக்காமல் மறைந்துவிடும். அந்த இடத்தில் வெறும் தாள்தான் தெரியும். எனவே மொட்டின் மிக வெளிச்சமான பகுதியிலும் சியான் என்னும் நீல மை, மெஜந்தா என்னும் ஊதாச்சிவப்பு மை, மஞ்சள் மை மூன்றிலும் 4, 5 விழுக்காடு புள்ளியாவது நிற்கும்படி போட்டோஷாப்பில் வளைகோட்டைச் சிறிது கீழிறக்க வேண்டும். மெஜந்தா மற்ற இரண்டையும் மிஞ்சினால் மல்லி இளஞ்சிவப்பாகிப் பிச்சியைப்போலத் தோன்றும்; மதுரைக்காரர் யாரும் அதை ஏற்கமாட்டார்.

வேறு சில வண்ணங்களும் இப்படித்தான். திரையில் மின்னும் சுங்குடிச் சேலையின் ஊதாவும், நாற்றின் இளம் பச்சையும் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளைக் குறிக்கும் சிஎம்ஒய்கேவுக்கு மாறும்போது மங்கும். இதை முன்கூட்டியே பார்க்க, அச்சகம் தரும் வண்ணப் புரொஃபைலைக் கேட்டு வாங்கி, போட்டோஷாப்பில், அச்சில் எப்படி வரும் என்று காட்டும் புரூஃப் காட்சியை இயக்கிக்கொண்டே வண்ணத்தைத் திருத்த வேண்டும். குங்குமச் சிவப்பும் மஞ்சளும் நன்றாகவே வரும் என்பது நம் ஊர்ப் படங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு.

ஆட்களின் அனுமதி

தெருவில் ஒருவரைப் படம் எடுப்பதும், அந்தப் படத்தைக் கடை விளம்பரத்தோடு ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. பூக்கட்டும் அம்மாவிடம் முதலில், "அக்கா, நீங்க பூக் கட்டுறதப் படம் எடுத்துக்கலாமா? காலண்டர்ல போடுறதுக்குத்தான்" என்று நோக்கத்தையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். "எந்தக் கடை காலண்டர், தம்பி?" என்று அவர் கேட்பார், கேட்பது அவர் உரிமை. எடுத்த பிறகு, முகம் தெளிவாகத் தெரியும் படமாயின், தமிழில் நான்கு வரி எழுதி அவர் கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும். ஒரு பிரிண்ட் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தவறவிடக் கூடாது. குழந்தைகளாயின் பெற்றோரின் அனுமதி இல்லாமல் அந்தப் படத்தைத் தொடவே கூடாது.

உரிமை பற்றிய மற்றொரு பக்கமும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், எடுக்கச் சொன்னவரே ஆவார். நாமாக எடுத்து வைத்திருக்கும் படத்தைக் கடைக்காரர் காலண்டருக்குப் பயன்படுத்துவது வேறு. அவர் சொல்லி நாம் எடுப்பது வேறு. எந்தப் படம் எந்த வகை, எத்தனை பிரதி, எந்த ஆண்டு என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதிவிட்டால் பிறகு மனத்தாங்கல் வராது.

தமிழ் எழுத்தும் தேதிக் கட்டமும்

தமிழ் எழுத்துருவில் இன்றும் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. நம் கணினியில் யுனிகோடு. பல அச்சகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்றங்கள். யுனிகோடில் நாம் அமைத்த கோப்பை அப்படியே அனுப்பி, அங்குள்ள மென்பொருளுக்குத் தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாவிட்டால், "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும், "கோயில்" சிதைந்துவிடும். தடுக்க இரண்டு வழிகள். போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தால் நம் பக்கத்தில் எழுத்துகள் சரியாகச் சேரும். அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எல்லா எழுத்துகளையும் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவக் கோடுகளாக, மாற்றிவிட்டால் அச்சகத்தில் எந்த எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. மாற்றுவதற்கு முன்னுள்ள திருத்தத்தக்க கோப்பைத் தனியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

எழுத்துருவைப் பொறுத்தவரை இலவசமாகவும் உரிமச் சிக்கலின்றியும் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இப்போது பல உள்ளன. ஹிந்த் மதுரை, அரிமா மதுரை என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய இரண்டும் அவற்றில் அடங்கும். ஹிந்த் மதுரையின் கோடுகள் நேர்த்தியானவை; சிறிய அளவிலும் தெளிவாக இருப்பதால் கட்டத்துக்குள் வரும் குறிப்புகளுக்கு அதையே பரிந்துரைப்பேன். அரிமா மதுரை மாதப் பெயர் போன்ற பெரிய எழுத்துக்கு அழகாக இருக்கும். முக்த மலரும் அனெக் தமிழும் பல தடிமன்களில் கிடைக்கின்றன. ஒரு காலண்டரில் இரண்டு எழுத்துருக்கு மேல் வேண்டாம். தமிழில் மேலே விசிறியும் கீழே வாலும் நீள்வதால், வரி இடைவெளியை எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியை வைத்தால் மேல் வரியின் "கூ" கீழ் வரியின் "கி" மீது இடிக்கும்.

தேதிக் கட்டத்தில் 14 அங்குலத்தை ஏழாகப் பிரித்தால் ஒரு கட்டம் 2 அங்குல அகலம். உயரத்தில் ஐந்து வரிகள் இடுவது வழக்கம். ஆனால் வெள்ளி அல்லது சனியில் தொடங்கும் 31 நாள் மாதத்துக்கு ஆறாவது வரி தேவைப்படும். எடுத்துக்காட்டாக, 2027-இல் ஜனவரியும் அக்டோபரும் வெள்ளியில் தொடங்குகின்றன, மே சனியில் தொடங்குகிறது. மிஞ்சும் தேதிகளை முதல் வரியின் காலிக் கட்டங்களில் கொண்டுபோய் வைக்கும் பழைய வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மாதக் கடைசியைத் தேடும் கண் அடியில்தான் தேடும். பன்னிரண்டு தாளுக்கும் ஆறு வரி வைத்து வரைந்துவிடுவது மேல்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஆங்கிலத் தேதி பெரிதாகவும், தமிழ்த் தேதி சிறிதாகவும் இருக்க வேண்டும். தமிழ் எண்களைப் போட்டால் அழகாக இருக்கும் என்று சில இளைய வடிவமைப்பாளர்கள் விரும்புகிறார்கள்; அந்த விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அமாவாசை எப்போது என்று தேடுபவருக்கு அது உதவாது. அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷம், முகூர்த்த நாள், கரிநாள் ஆகியவற்றுக்கு ஒரே வரிசையில் எளிய குறியீடுகளை வரைந்து, எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கிழமைக்கும் உரிய ராகு காலம் வாரத்துக்கு வாரம் மாறாதது என்பதால், திங்கள் 7.30–9, செவ்வாய் 3–4.30, புதன் 12–1.30, வியாழன் 1.30–3, வெள்ளி 10.30–12, சனி 9–10.30, ஞாயிறு 4.30–6 என்பதைக் கிழமைத் தலைப்பின் கீழேயே ஒருமுறை போட்டால் போதும்.

பஞ்சாங்க விவரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டக் கூடாது. திருக்கணிதம், வாக்கியம் என்ற இரு வகைப் பஞ்சாங்கங்களும் நேரங்களில் வேறுபடும். சில நாள்களில் திதி, நட்சத்திரம்கூட மாறும். எதைப் பின்பற்றுவது என்பதைக் கடைக்காரரே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அச்சான பஞ்சாங்கம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முழுதும் நிரப்ப வேண்டும். நிரப்பிய தாளை ஒருவர் உரக்கப் படிக்க, பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இன்னொருவர் சரிபார்ப்பதே நம்பகமான முறை. அந்த இன்னொருவர் வீட்டில் விரத நாள்களைப் பார்த்துவரும் பெரியவராக இருந்தால் மிகவும் நல்லது. அரசு விடுமுறைகளை மட்டும் கடைசியில், அரசின் பட்டியல் வெளியான பிறகு சேர்க்க வேண்டும்.

அச்சகத்தில்

தாளைத் தேர்வதில் பளபளப்புக்கு மயங்க வேண்டாம். நம் வீடுகளில் காலண்டர் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, சீட்டுப் பணம் கட்டிய நாள் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் எழுதப்படும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பால்பாயின்ட் வழுக்கும். 90 அல்லது 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) மேட் ஆர்ட் பேப்பரில் படமும் நன்றாக வரும், எழுதவும் முடியும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மேற்பூச்சில்லாத மேப்லித்தோ தாள் போதும், ஆனால் அது மையை உறிஞ்சுவதால் படங்களைச் சற்று வெளிச்சமாக்கித் தர வேண்டும்.

கோப்பை அனுப்புமுன் தேதி எண்களும் சிறிய எழுத்துகளும் கறுப்பு 100 விழுக்காடு மட்டும் கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால், தாள் இம்மியளவு நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது என்பதால் அதற்கு மெல்லிய எழுத்தை விட்டுத் தடித்த எழுத்தையே வைக்க வேண்டும். படத்தின் இருண்ட பகுதிகளில் நான்கு மைகளின் மொத்தம் 300 விழுக்காட்டைத் தாண்டினால் தாள் சீக்கிரம் காயாது. அடுக்கிய தாளின் முதுகில் மை ஒட்டிக்கொள்ளும்.

டபுள் கிரவுன் தாளில் இரண்டு பக்கம் வீதம் ஏற்றினால் பன்னிரண்டு பக்கத்துக்கு ஆறு முறை, மைக்கு ஒன்று வீதம் முறைக்கு நான்கு பிளேட்டாக (அச்சுத் தகடு) 24 பிளேட் ஆகும். நான்கு பக்கம் ஒரே தாளில் ஏறும் பெரிய இயந்திரமாயின் பிளேட் செட்டு பாதியாகக் குறையும். ஆனால் தாள் ஓடும் திசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு பக்கங்கள் ஒரே மைத்திறப்பை, அதாவது மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரே வாயிலை, பகிர்ந்துகொள்ளும். மல்லிகைப் படமும் இரவுத் தெப்பப் படமும் அப்படி ஒரே கோட்டில் அமைந்தால், இரவுக்காக மையைக் கூட்டும்போது மல்லி கறுக்கும். எந்த மாதம் எந்த மாதத்தோடு சேர்ந்து ஏற வேண்டும் என்பதை அச்சகத்தாரோடு உட்கார்ந்து நாமே முடிவு செய்ய வேண்டும். கேட்டால் அவர்கள் மகிழ்ச்சியோடு மாற்றித் தருவார்கள்.

பிளேட் போடுவதற்கு முன் டிஜிட்டல் புரூஃப் எனப்படும் மாதிரி அச்சு எடுத்து, பன்னிரண்டு தாளிலும் கடைக்காரரின் கையொப்பம் பெற வேண்டும். கடையின் தொலைபேசி எண்ணை அவரையே ஒருமுறை டயல் செய்து பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம். இயந்திரம் ஓடும் அன்று முதல் நூறு தாள் சீர்ப்படுத்தவே போகும். அதன் பிறகு வரும் தாளை எடுத்து, நான்கு மூலைகளிலும் உள்ள பதிவுக் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பார்த்து, புரூஃப்பின் பக்கத்தில் வைத்து வெளிச்சமான இடத்தில் ஒப்பிட வேண்டும். முதலில் முகத்தின் நிறம், பிறகு வெள்ளை, பிறகுதான் வானம் என்ற வரிசையில் பார்ப்பது என் பழக்கம். முகம் சரியாக இருந்தால் மற்றவற்றில் இருக்கும் சிறு வேறுபாட்டை யாரும் கவனிப்பதில்லை. திருத்தம் சொல்லும்போது மெஜந்தாவைக் குறையுங்கள், மஞ்சளைக் கூட்டுங்கள் என்று மையின் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். "கொஞ்சம் பளிச்சென்று" என்றால் இயந்திரக்காரருக்கு எந்தச் சாவியைத் திருப்புவது என்று தெரியாது. சரியான தாள் வந்ததும் அதில் கையொப்பமும் தேதியும் இட்டு இயந்திரத்தின் மேசையில் ஒன்றை வைத்துவிட்டு, ஒன்றை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். தகரம் அடித்துக் கட்டுகள் வந்த பிறகு, ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து ஒரு காலண்டரை உருவிப் பன்னிரண்டு தாளும் வரிசையாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்ப வேண்டும். ரா கோப்புகள், திருத்தத்தக்க வடிவமைப்புக் கோப்பு, அவுட்லைன் பிடிஎஃப், ஒப்புதல் பெற்ற அனுமதிக் கடிதங்களின் படங்கள் ஆகியவற்றை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். கையொப்பமிட்ட அச்சுத்தாளைச் சுருட்டாமல் தட்டையாக, வெயில் படாத அலமாரியில் வைத்தால் அடுத்த ஆண்டு அதே அச்சகத்தில் வண்ணத்தைப் பேசித் தீர்க்க அதுவே சான்றாக உதவும்.